சாய்ந்து நிற்கும் நடு மரம்

மூன்றாவது முறையும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகுதான் அக்கா குழாயை மூடுவார். முதல் கழுவல் விரலிடுக்கில் படிந்த பிளாஸ்டர் மாவுக்கு. இரண்டாவது நகக்கண்ணில் ஒட்டிய மெழுகுக்கு. மூன்றாவது எதற்கு என்று கேட்டால், "அது புத்தகத்துக்கு" என்பார். கழுவியபின் துண்டைத் தொடமாட்டார்; துண்டில் பிசிறு இருக்கும். மின்விசிறிக்குக் கீழே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார். அந்தப் பத்து நிமிடத்தில் கதவு தட்டினாலும், தொலைபேசி அடித்தாலும், அடுப்பில் பால் பொங்கினாலும் அது அவருடைய கணவர் பாடு.

"எங்க வீட்டுல சாயங்காலம் ஆனா போலீஸ் வந்துரும். இவ கையத் தூக்கிட்டு நிப்பா" என்பார் கணவர். பேருந்து ஓட்டுநர். முப்பது ஆண்டுகளாகக் கண்ணாடியில் பின்னால் இருப்பவர்களைப் பார்த்தபடியே பேசிப் பழகியவர். வீட்டிலும் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துத்தான் கிண்டல் செய்வார்.

அக்கா பல்செட் கட்டுபவர். அவரைவிட மூத்தவர் ஒருவரைத் தவிர எல்லோரும் அவரை 'பல்செட் அக்கா' என்றே கூப்பிடுகிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், வடக்கு ஜன்னலோரம் அவருடைய மேசை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகள் சிறு அட்டைப்பெட்டிகளில் வரும். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, தாடை எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, பிறகு அதை உறுதியாக வார்த்து, சிறு மோட்டாரில் மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். இருபத்தொன்பது ஆண்டுகளில் அவர் கட்டிய பல்லைப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. தாடையை மட்டும் தெரியும். "இவரு ராத்திரியெல்லாம் பல்லக் கடிப்பாரு", "இந்தம்மா ஒரு பக்கமாவே மெல்லுவாங்க, பாவம்" என்று பிளாஸ்டரைப் பார்த்துச் சொல்வார். தெருவில் நடக்கும்போது அவர் பார்வை எதிரில் வருபவரின் கண்ணில் நிற்காது, வாயில்தான் நிற்கும். அதனால் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைப்பவர்களும் உண்டு.

வேலை முடிந்தது என்று அவர் எப்படித் தீர்மானிக்கிறார் என்பதைப் பார்க்கவேண்டும். பல்செட்டை இடக்கையில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடுவார். வலக்கைக் கட்டைவிரலை விளிம்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஓட்டுவார். எங்காவது விரல் தட்டினால் மறுபடி மோட்டார். தட்டாமல் போய்ச் சேர்ந்தால் தலையை ஒரே ஒரு முறை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு திரும்பி வந்த பல்செட்டுகள் இதுவரை நான்கு.

இன்னொரு வழக்கமும் உண்டு. முன்வரிசையில் ஒரு பல்லை மட்டும், இடப்பக்கமாக, மயிரிழை அளவுக்குச் சாய்த்து வைப்பார். மருத்துவர்கள் ஆரம்பத்தில் சண்டை பிடித்தார்கள். "எல்லாம் நேரா நின்னா பொய்னு தெரிஞ்சிரும் டாக்டர். ஒண்ணு சாஞ்சாதான் சொந்தப் பல்லு" என்றார். இப்போது அவர்களே கேட்டு வாங்குகிறார்கள்.

இவ்வளவு கைகழுவலும் எந்தப் புத்தகத்துக்கு என்றால், ஒரே புத்தகத்துக்கு. 'ஒன்பது பாறை' என்ற மாயக்கதை, நான்கு பாகங்கள். கடல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தீவைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஓர் அரசு, அதன் அரசன், அவனுடைய மூன்று மகன்கள், பொய் சொல்லத் தெரியாத ஒரு பறவை. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் பதிப்பு வந்தது. அக்கா அதைப் பதினாறு வயதில் ஒரு காய்ச்சலின்போது படித்தார். காய்ச்சல் ஆறு நாளில் போய்விட்டது.

அவருடைய கண்ணாடி அலமாரியில் அந்தக் கதையின் பதினொரு பதிப்புகள் இருக்கின்றன. நான்கு தொகுதிகளாக வந்தவை ஆறு, இரண்டு தொகுதிகளாக வந்தவை இரண்டு, ஒரே தொகுதியாக வந்தவை மூன்று. ஆக முப்பத்தொரு புத்தகங்கள். பச்சைத் துணி அட்டை போட்டது, தோல் முதுகும் பொன் விளிம்பும் கொண்டது, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு வண்ணப்படம் வைத்தது, உள்ளங்கையில் அடங்குவது. இவை போகத் துணைநூல்கள் பத்து: பறவை மொழிக்கு அகராதி, அரச வம்சத்தின் கொடிவழி, கடல் விலங்குகளின் படநூல் என்று. மொத்தம் நாற்பத்தொன்று. கையுறை போட்டுப் புத்தகத்தைத் தொடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "உறை போட்ட கைக்குத் தாள் கிழியப்போறது எப்படித் தெரியும்?" என்பார்.

"ஒரே கதைய பதினோரு தடவ வாங்கி வெச்சிருக்கா. பதினோராவதுலயாவது அந்த ராஜா பொழைச்சுக்கிறானான்னு பாக்குறா போல" என்பார் கணவர். ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் கணவர்தான் முதலில் அலமாரி விளக்கைப் போடுவார்.

அலமாரியின் அரசன் 'நிலமும் நீரும்' என்ற துணைநூல். கதையின் நிலப்படங்கள் அடங்கியது. அறுநூறு பிரதிகள் அச்சானது. பின் அட்டையில் எட்டாக மடித்து ஒட்டிய பெரிய வரைபடம் ஒன்று உண்டு. மடிப்பிலிருந்து அதன் வடகிழக்கு மூலை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் கிழிவதென்றால் முதலில் அதுதான் கிழியும். மூலப்படமும் எப்போதோ தொலைந்து போயிற்று. சேகரிப்பவர்களுக்குத் தெரிந்து மிஞ்சியவை ஐந்து பிரதிகள். நான்கில் அந்த மூலை இல்லை. ஐந்தாவது அக்காவுடையது.

அதிலும் இல்லைதான். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், வீடு காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் அதை வாங்கியபோது, மூலையை எலி தின்றிருந்தது. அக்கா ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். மெல்லிய நார்க்காகிதத்தை அடுக்கடுக்காகக் கோதுமை மாவுப் பசையில் ஒட்டிப் பழைய தாளின் கனத்துக்குக் கொண்டுவந்தார். பல்லின் வெள்ளையில் பதினெட்டு வகை தெரிந்த கை. பழுப்பில் எத்தனை வகை உண்டென்று அப்போதுதான் கற்றுக்கொண்டது. மூன்றாம் பாகத்தின் பதினேழாம் அத்தியாயம் அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது: ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், சுற்றிலும் ஒன்பது பாறைகள். அதையே வரைந்தார். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் என்ன என்று கதை சொல்லவில்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. சிரிக்கிற வாயில் ஒரு பல் மட்டும் இல்லாததுபோல் இருந்தது. அக்கா அங்கே மூன்று மரங்களை வைத்தார். வைத்தவர், என்ன செய்தோம் என்பதைப் படத்தின் முதுகில் பென்சிலால் தேதி போட்டு எழுதியும் வைத்தார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய பதிப்பகம் 'நிலமும் நீரும்' நூலை மறுபடி அழகாகக் கொண்டுவர முடிவு செய்தது. படம் எடுக்க ஒருவர் கேமராவும் விளக்குகளுமாக வீட்டுக்கே வந்தார். மேசையில் வரைபடத்தை விரித்ததும், "அம்மா, இது முழுசா இருக்கே! மூலைகூடப் போகல!" என்றார். ஒட்டின இடத்தின் மேலேயே குனிந்து பார்த்துக்கொண்டு அப்படிச் சொன்னார்.

அக்கா சிரித்தார். அவ்வளவுதான். இருபத்தைந்து ஆண்டுகளாக யாருடைய வாயிலோ இருக்கும் தன் வேலையை ஒருவரும் கண்டுபிடிக்காததே அவருக்குக் கிடைத்த பாராட்டு. இப்போது அந்தப் பாராட்டு முதல்முறையாக அவர் வீட்டுக்கே வந்து எதிரில் நின்றது. படத்தைத் திருப்பிப் பார்ப்பார், பென்சில் குறிப்பைப் படிப்பார் என்று நினைத்தார். வந்தவர் திருப்பவில்லை. நான்கு படம் எடுத்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

புதிய பதிப்பு சென்ற ஆண்டு ஜூன் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை வந்தது. நீலத் துணி அட்டை, வெள்ளி எழுத்து, தனி உறை. நன்றிப் பக்கத்தில் முதல் வரியே அக்காவுக்கு: 'எந்தக் குறையும் இல்லாமல் காத்துத் தந்தவர்' என்று. கணவர் அந்த வரியை மூன்று தடவை உரக்கப் படித்தார். அக்கா வரைபடத்தை விரித்தார். வடகிழக்கு மூலையில், பளபளக்கும் புதுத்தாளில், மூன்று மரங்கள். நடு மரம் இடப்பக்கமாக மயிரிழை சாய்ந்திருந்தது.

"என்ன, முகம் வெளுத்துப் போச்சு?"

"இது என் மரம்."

கணவருக்கு விஷயம் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் துள்ளிவிட்டார். "அடி சக்கை! உன் கை அச்சுல வந்திருக்கு! பேசாம இரு. கதைய எழுதினவரே எழுந்து வந்து கேக்கப்போறாரா?"

"கேக்கமாட்டார்" என்றார் அக்கா. "அதான் பயமா இருக்கு."

பயந்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அந்த நன்றி வரி அவரைப் பிடித்து வைத்திருந்தது. அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் நீல அட்டையை எடுத்து அந்தப் பக்கத்தைப் படிப்பார், பிறகு வரைபடத்தைப் பார்ப்பார், இரண்டையும் மூடிவைப்பார். ஜூலை போயிற்று. ஆகஸ்ட் போயிற்று.

'ஒன்பது பாறை' சேகரிக்கிறவர்கள் ஏழு பேர் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை கூடுவார்கள். இடம், சைக்கிள் பழுது பார்க்கும் கடையின் மாடி. அவர்களில் மூத்தவர் மருந்துக்கடை அண்ணன். அக்காவைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற அந்த ஒருவர் இவர்தான். முப்பத்து நான்கு ஆண்டுகளாகச் சேகரிக்கிறார். அவரிடம் இருக்கும் பழைய வரைபடத்தில் கிழக்குப் பாதியே கிடையாது. செப்டம்பர் ஏழாம் தேதி அவர் பதினான்கு பக்கக் கட்டுரையோடு வந்தார். இந்தச் சேகரிப்பாளர் வட்டத்தின் ஆண்டு மலர் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதில் முதல் கட்டுரை இதுதான். பதிப்பகத்துக்கும் ஒரு படி போகும், அடுத்த துணைநூலில் சேர்த்துக்கொள்ள.

"நடு மரம் ஏன் சாயுது? இதுதான் என் கேள்வி" என்று ஆரம்பித்தார். "மூணு மரம், மூணு இளவரசங்க. நடுவுல பிறந்தவன் நாலாம் பாகத்துல அப்பனுக்குத் துரோகம் பண்றான். அத கதாசிரியர் அன்னைக்கே படத்துல சொல்லி வெச்சுட்டுப் போயிருக்கார்! எந்தப் பக்கமா சாயுதுன்னு பாருங்க. அரண்மனைப் பக்கமா! சிம்மாசனத்து மேலதான் ஆசை! அறுபத்து மூணு வருஷமா ஒருத்தன் கண்ணுலயும் படல."

"அண்ணே, எனக்குப் புல்லரிக்குது" என்றார் பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் டீச்சர்.

அண்ணன் பதினான்கு பக்கத்தையும் படித்தார். துரோகியின் பிறந்தநாள், அவன் குதிரையின் நொண்டிக் கால், பறவை அவனைப் பார்த்து மூன்றுமுறை கத்தியது, எல்லாம் அந்தச் சாய்வில் வந்து சேர்ந்தன. கடைசி வரியை இரண்டு முறை படித்தார். மற்ற ஐந்து பேரும் கை தட்டினார்கள். அக்காவின் கை மடியிலேயே இருந்தது. அந்தக் கட்டுரை அச்சேறிவிட்டால் அந்த மரங்களை இனி யாராலும் பிடுங்க முடியாது. சொன்னால் நன்றிப் பக்கம் போய்விடும். ஐந்தில் முழுமையான ஒரே பிரதி என்ற பெயரும் போய்விடும்.

"அண்ணே, அத அனுப்பாதீங்க" என்றார்.

"ஏன், எழுத்துப்பிழையா?"

"அந்த மரத்த நான்தான் வெச்சேன்."

"வெச்சேன்னா? எங்க வெச்ச?"

"அங்கதான். வரைஞ்சேன். எலி தின்ன மூலை அது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"சும்மா விளையாடாத தங்கச்சி."

அக்கா பையிலிருந்து பழைய 'நிலமும் நீரும்' நூலை எடுத்தார். ஆகஸ்ட் கூட்டத்துக்கும் அதைப் பையில் கொண்டுவந்திருந்தார். அப்போது வெளியே எடுக்கவில்லை. மேசையைத் தன் கைக்குட்டையால் துடைத்து, வரைபடத்தை விரித்து, அண்ணனுக்கு எதிரில் திருப்பிப்போட்டார். பென்சில் எழுத்து மங்காமல் இருந்தது. அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உரக்கப் படித்தார்:

"வடகிழக்கு மூலை, நாலரை அங்குலத்துக்கு மூன்று அங்குலம், எலி தின்றது. நிரப்பியது நான். கலங்கரை விளக்கமும் பாறைகளும் மூன்றாம் பாகம், பதினேழாம் அத்தியாயத்தைப் பார்த்து வரைந்தவை. மூன்று மரங்களுக்கு ஆதாரம் இல்லை."

கீழே யாரோ சைக்கிள் மணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு முறை அடித்து ஓய்ந்தது.

"அப்ப ஏன் சாயுது?" என்றார் அண்ணன்.

"நான் கட்டுற பல்லு எல்லாத்துலயும் ஒண்ணு சாஞ்சுதான் இருக்கும் அண்ணே. நேரா நின்னா பொய்னு தெரிஞ்சிரும்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. பதினான்கு பக்கத்தையும் தட்டிச் சேர்த்து இரண்டாக மடித்தார். "மூணு மாசமா கடைய வீட்டுக்காரிகிட்ட விட்டுட்டு இத எழுதினேன். முதல் பக்கத்துலயே சொல்லியிருக்கலாம்ல? பதினாலு பக்கமும் படிக்க விட்டியே!"

"தப்புதான். ஜூன்லயே சொல்லியிருக்கணும். ஆனா நல்லா இருந்துச்சு அண்ணே. நொண்டிக் குதிர வந்தப்போ நானே நம்பிட்டேன்."

அண்ணன் எழுந்து வரைபடத்துக்கு மேல் குனிந்தார். முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபத்தில் இருந்தவருக்குச் சேகரிப்பவரின் ஆசை தலைதூக்கிவிட்டது. "எங்க ஒட்டின? தெரியலயே."

"கண்ணால தேடாதீங்க. விரலால தேடுங்க." அவர் கை நீண்டதும் அக்கா படத்தை இழுத்துக்கொண்டார். "கை கழுவிட்டு!"

ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மனிதர், மாடிப்படி இறங்கி, சைக்கிள் கடைக் குழாயில் கழுவிவிட்டு வந்தார். அக்கா அவருடைய நகங்களைப் பார்த்தார். மறுபடி இறங்கச் சொன்னார். மூன்றாவது முறை வந்து, விசிறிக்கடியில் நின்று காய்ந்தபிறகுதான் அனுமதித்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினார். பாறைகளைத் தாண்டியதும் விரல் நின்றது.

"இருக்கு" என்றார். "மெல்லிசா ஒரு படி மாதிரி."

"வேணும்னுதான் விட்டேன். பல்லுன்னா நாக்குக்குத் தெரியக்கூடாது. புத்தகம்னா விரலுக்குத் தெரியணும். இல்லைன்னா அது ஏமாத்து." கொஞ்சம் நிறுத்தி, "அச்சுல விரலுக்குத் தெரியாது அண்ணே. அதான் இத்தன நாளா தூக்கம் இல்ல" என்றார்.

அச்சில் வந்த வரைபடத்தைப் பார்த்த எண்பத்தெட்டாவது நாள் அது. மறுநாள் திங்கட்கிழமை பதிப்பகத்துக்குக் கடிதம் போயிற்று. இரண்டு பக்கம். குறிப்பின் நகல், மூலையின் அளவு, பயன்படுத்திய தாளின் விவரம், எல்லாம் இருந்தன. கடைசி வரி மட்டும் வேறு மாதிரி: 'படம் எடுக்க வந்தவர் மூலை முழுதாக இருக்கிறது என்றபோது நான் சிரித்தேன், சொல்லவில்லை.'

"பேரு வந்துச்சு. அதையும் நீயே போய்ப் பிடுங்கிக்கிற" என்றார் கணவர், கண்ணாடியில் பார்ப்பவர்போல் எங்கோ பார்த்துக்கொண்டு. ஆனால் கடிதத்தைத் தன் கையாலேயே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார்.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. விற்ற பிரதிகளுக்கும் விற்காத பிரதிகளுக்கும் ஒரு திருத்தச் சீட்டு அச்சடிக்கிறோம். அடுத்த பதிப்பில் அந்த மூலையைச் சுற்றிப் புள்ளிக்கோடு வரும். மரங்களை எடுத்துவிடவா, அப்படியே விட்டுவைக்கவா என்று தங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். நன்றிப் பக்கத்தின் முதல் வரியை எடுத்துவிடப் போவதாகவும் வருத்தத்துடன் சொல்லியிருந்தார்கள். அக்டோபர் கூட்டத்தில் அக்கா அதைப் படித்துக்காட்டி, மரங்களை எடுக்கச் சொல்லப்போகிறேன் என்றார். எதிர்த்து எழுந்தவர் மருந்துக்கடை அண்ணன்.

"புள்ளிக்கோட்டுக்குள்ள இருக்கட்டும். யாரு வெச்ச மரம்? எங்க தங்கச்சி வெச்ச மரம்! எவனாவது கைய வெச்சான்னா நான் சும்மா இருக்கமாட்டேன்."

மரங்கள் இருக்கின்றன. அண்ணனின் கட்டுரையும் இருக்கிறது. அதற்காகவே ஒரு மாதம் காத்திருந்து வெளிவந்த ஆண்டு மலரில், 'சாயும் மரம்: நான் தவறாகப் படித்த கதை' என்ற தலைப்பில், பதினைந்து பக்கம். கூடிய ஒரு பக்கம் முழுவதும் அக்காவின் பென்சில் குறிப்பு. இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் மாத்திரையோடு அந்த மலரையும் காட்டுகிறார் என்று கேள்வி.

திருத்தச் சீட்டு நவம்பரில் வந்தது. சுண்டுவிரல் நீளம், நான்கு வரி. மூலையை நிரப்பியவர் யார், தொழில் என்ன, மரங்களுக்கு ஆதாரம் இல்லை என்ற விவரம். புத்தகத்துக்குள் செருகி வைத்தால் போதும் என்று உறையில் எழுதியிருந்தது. அன்று மாலை அக்கா மூன்று முறை கழுவிவிட்டு விசிறிக்குக் கீழே வந்து நின்றார். கிண்டல் ஏதும் கேட்காததால் திரும்பிப் பார்த்தார். கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், முழங்கை வரை சொட்டச் சொட்ட, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு.

அலமாரியின் நாற்பத்திரண்டாவது புத்தகமாகிவிட்ட நீல அட்டையை எடுத்து, கணவர் பிடித்துக்கொள்ள, அக்கா வரைபடத்தை விரித்தார். சீட்டைச் செருகவில்லை. அதன் ஓர் ஓரத்துக்கு மட்டும் பசை தொட்டு, மரங்களுக்கு அடுத்தாற்போல் ஒட்டி, காயும்வரை பொறுத்தார். பிறகு கண்ணை மூடினார். கட்டைவிரல் பாறைகளின்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று, கலங்கரை விளக்கத்தைக் கடந்தது, மூன்று மரங்களையும் கடந்தது, சீட்டின் விளிம்பில் தட்டி நின்றது.

அக்கா தலையை ஒரே ஒரு முறை ஆட்டினார்.